கடன் பாக்கிக்குப் போன் வந்தால் விவசாயி செய்ய வேண்டியது என்ன?

விவசாயத்தில் செலவு முன்னே, வரவு பின்னே. உழவுக்கும் விதைக்கும் உரத்திற்கும் கூலிக்கும் கையில் பணம் வேண்டும். அந்தப் பணம் திரும்பி வர நான்கு மாதமோ, கரும்பானால் ஓராண்டோ ஆகும். இந்த இடைவெளியை நிரப்புவதே கடன். கடன் வாங்காத சிறு விவசாயி அரிது. மழை தவறினாலும், மழை மிகுந்தாலும், விலை சரிந்தாலும், ஆலை பணம் தரப் பிந்தினாலும் முதலில் தவறுவது கடன் தவணைதான்.

முன்பெல்லாம் தவணை தவறினால் சங்கச் செயலாளரோ வங்கி அலுவலரோ ஊருக்கு வந்து கேட்பார்கள். இப்போது கேள்வி செல்போனில் வருகிறது. களை எடுக்கும்போதும், பால் கறக்கும்போதும், பிள்ளைகள் அருகில் இருக்கும்போதும் வருகிறது. பல விவசாயிகள் போனை அணைத்து வைத்து விடுகிறார்கள். இன்னும் சிலர் அன்றைய வாய்ப் பேச்சிலிருந்து தப்புவதற்காக, "நாளைக்கே கட்டுகிறேன்" என்று சொல்லி விட்டு, மூன்று வட்டிக்கும் ஐந்து வட்டிக்கும் கைமாற்று வாங்குகிறார்கள். ஒரு போன் அழைப்புக்குப் பயந்து வாங்கிய கைமாற்று, பயிர்க்கடனைக் காட்டிலும் பெரிய சுமையாக வளர்ந்து, கடைசியில் கறவை மாட்டையும் நகையையும் கொண்டு போவது கிராமங்களில் காணும் காட்சியே. ஆகவே இந்த அழைப்புகளைச் சமாளிக்கும் முறையை, பூச்சி மருந்து தெளிக்கும் முறையைப் போலவே, விவசாயிகள் படிப்படியாகத் தெரிந்து கொள்வது அவசியம்.

போனை எடுக்காமல் இருப்பதால் வரும் நட்டம்

போனை எடுக்காத விவசாயியைக் கடன் கொடுத்தவர், கட்ட மனமில்லாதவர் என்றே எண்ணிக் கொள்கிறார். கணக்கு வசூல் முகவரிடம் போகிறது. ஜாமீன் போட்டவருக்கு அழைப்பு போகிறது. ஜாமீன்தாரரும் சட்டப்படி கடனாளியைப் போலவே பொறுப்பு உள்ளவர் என்பதால், அவரைக் கேட்பதில் தவறு இல்லை. ஆனால் உறவு கெடுகிறது. இதற்கிடையே, விவசாயி கேட்டுப் பெற்றிருக்கக் கூடிய தவணை மாற்றம் போன்ற வசதிகளும் கை நழுவி விடுகின்றன. எனவே அழைப்பை எடுத்து, அளவாகப் பேசி, பேசியதைக் குறித்து வைப்பதே சிறந்தது.

இதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக் கொள்ள வேண்டும். அழைப்பு வந்த நாள், நேரம், போன் எண், பேசியவர் பெயர், நிறுவனம், கேட்ட தொகை, விவசாயி சொன்ன பதில் ஆகிய ஏழு விவரங்களையும் எழுத வேண்டும். பின்னால் புகார் செய்ய நேர்ந்தாலும், சமரசம் பேச நேர்ந்தாலும் இந்த நோட்டு பெரிதும் உதவும்.

அழைப்பவர் யார்?

முதலில் அழைப்பவர் யார் என்று தெரிந்து கொள்ள வேண்டும். வங்கி ஊழியரா, வங்கி நியமித்த வசூல் முகவரா, மகளிர் குழுக் கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் ஆளா, டிராக்டர் கம்பெனியா, உள்ளூர் வட்டிக்காரரா, அல்லது ஏமாற்றுக்காரரா? ஒவ்வொருவருக்கும் பதில் வேறு, விதியும் வேறு.

வங்கி தன் கடனை வசூல் முகவரிடம் ஒப்படைத்தால், அந்த முகவரின் விவரத்தைக் கடனாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நேரில் வரும் முகவர் அடையாள அட்டையும், வங்கி தந்த அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். கேட்டுப் பார்ப்பதற்கு விவசாயி தயங்க வேண்டியதில்லை.

வங்கியின் பெயரைச் சொல்லி ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். ஓ.டி.பி. எண், ஏ.டி.எம். அட்டையின் ரகசிய எண் ஆகியவற்றை எவர் கேட்டாலும் சொல்லக் கூடாது. தனி மனிதரின் யு.பி.ஐ. எண்ணுக்குத் தவணைப் பணத்தை அனுப்பக் கூடாது. கிளையில் கட்டி ரசீது பெறுவதே பாதுகாப்பு. ஏமாந்து விட்டால் தாமதமின்றி 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

எப்படிப் பேச வேண்டும்?

கீழ்க்காணும் உரையாடல் ஒரு மாதிரி. ஒவ்வொருவரும் தம் நிலைமைக்கேற்ப மாற்றிக் கொள்ளலாம்.

அழைப்பவர்: "ஐயா, உங்க கடன்ல மூணு தவணை பாக்கி. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கட்டணும்."

விவசாயி: "சரிங்க தம்பி. எந்தக் கம்பெனி, எந்தக் கிளை, உங்க பேரு என்ன? கடன் நம்பரையும் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

அழைப்பவர்: "அதெல்லாம் எதுக்குங்க? பணம் எப்ப வரும்?"

விவசாயி: "பணம் கட்ட மாட்டேன்னு சொல்லலை. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவுன்னு பிரிச்சு எழுத்துல கொடுங்க. சம்பா தை மாசம் அறுப்பு. கொள்முதல் பணம் கணக்குல ஏறினதும் ஒரு தவணை கட்டறேன். இப்ப என்னால முடிஞ்சது ரெண்டாயிரம். கிளைக்கு வந்து கட்டி, மீதிக்கு மனுவும் எழுதிக் கொடுக்கறேன்."

அழைப்பவர்: "ஊருக்கு வந்து வாசல்ல உக்காந்தாத்தான் கட்டுவீங்க போலிருக்கு."

விவசாயி: "மரியாதையாப் பேசினா எப்ப வேணும்னாலும் பேசலாம் தம்பி. இந்தப் பேச்சுக்கு நான் மேனேஜர்கிட்டதான் பதில் சொல்லணும். நேரத்தைக் குறிச்சுக்கிட்டேன். வெச்சுடறேன்."

இந்த உரையாடலில் கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, கடனை மறுக்கவில்லை. இரண்டாவது, முடியாத தேதியைச் சொல்லவில்லை. அறுவடையை ஒட்டிய தேதியையே சொன்னார். மூன்றாவது, தொகையைப் பிரித்து எழுத்தில் கேட்டார். நான்காவது, ஏச்சுக்கு ஏச்சு பேசவில்லை. கோபத்தில் விவசாயி சொல்லும் ஒரு சொல், பின்னால் அவருக்கு எதிராகவே திரும்பும்.

சொன்ன தேதியில் சொன்ன தொகையைக் கட்டி விட வேண்டும். ஐந்நூறு ரூபாயானாலும் சொன்னபடி கட்டியவரின் பேச்சுக்கு அடுத்த முறை மதிப்பு இருக்கும். கட்ட முடியாமல் போனால், தேதி வருவதற்கு முன்பாக விவசாயியே போன் செய்து சொல்ல வேண்டும்.

முதலில் வீட்டுக் கணக்கு

எவ்வளவு கட்ட முடியும் என்பது விவசாயிக்கே தெரியாவிட்டால், போனில் என்ன சொல்வது? ஆகவே குடும்பத்தார் அனைவரும் உட்கார்ந்து கடன் பட்டியல் ஒன்று எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, இரண்டரை ஏக்கர் நஞ்சையில் சம்பா பயிரிட்ட ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம்.

ஏக்கருக்கு 20 குவிண்டால் வீதம் விளைச்சல் 50 குவிண்டால். உணவுக்கும் விதைக்கும் 6 குவிண்டால் போக, விற்பது 44 குவிண்டால். குவிண்டால் ரூ.2,500 என்று கொண்டால் வரவு ரூ.1,10,000. அறுவடை இயந்திரம், ஏற்றுக் கூலி, வண்டி வாடகை ரூ.15,000. அடுத்த அறுவடை வரை குடும்பச் செலவுக்கும் பள்ளிச் செலவுக்கும் ரூ.25,000. கடனுக்கு மிஞ்சுவது ரூ.70,000.

இப்போது கட்ட வேண்டியவை:

கூட்டுறவுப் பயிர்க்கடன் – ரூ.50,000
வங்கி நகைக்கடன் ரூ.60,000-க்கு 9 சதவீத வீதம் ஓராண்டு வட்டி – ரூ.5,400
உரக்கடை பாக்கி – ரூ.18,000
கைமாற்று, மாதம் மூன்று வட்டி – ரூ.15,000
மொத்தம் – ரூ.88,400

குறைவது ரூ.18,400. மகளிர் குழுத் தவணையைப் பால் பணத்தில் கட்டுவதாகக் கொள்வோம்.

எதை முதலில் கட்டுவது? அடிக்கடி போன் செய்பவருக்கே முதலில் கட்டுவது பலரது வழக்கம். அது சரியான முறை அன்று. நட்டம் எதில் அதிகம் என்று பார்த்துக் கட்ட வேண்டும். கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணை நாளுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் விவசாயிக்கு வட்டி இல்லை. தவறினால் 7 சதவீத வட்டி, ஓராண்டுக்கு ரூ.3,500. அதோடு புதுக்கடன் கிடைக்காது. அடுத்த பட்டச் செலவுக்கு ரூ.50,000 மூன்று வட்டிக்கு வாங்கினால், ஆறு மாதத்தில் வட்டி ரூ.9,000. ஆக நட்டம் ரூ.12,500. கைமாற்று ரூ.15,000-ஐ ஆறு மாதம் கட்டாமல் விட்டாலோ வட்டி ரூ.2,700 மட்டுமே.

எனவே பயிர்க்கடன் ரூ.50,000, நகை வட்டி ரூ.5,400 ஆகியவற்றை முதலில் கட்ட வேண்டும். மீதி ரூ.14,600-ல் கைமாற்றுக்கு ரூ.10,000, உரக்கடைக்கு ரூ.4,600 கொடுக்கலாம். நிற்பது கைமாற்றில் ரூ.5,000, உரக்கடையில் ரூ.13,400. இந்த இருவரிடமும் விவசாயி தாமாகவே சென்று, அடுத்த வரவு எது, எப்போது என்று சொல்லித் தவணை பேசிக் கொள்ளலாம். இப்படிக் கணக்கு கையில் இருந்தால் போன் மணி அடிக்கும்போது நெஞ்சு படபடக்காது.

தவணை நாளை முன்கூட்டியே அறிந்து வைப்பதும் பணம்தான். வங்கிகள் வட்டி மானியத் திட்டத்தின் கீழ் தரும் குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். குறித்த காலத்தில் கட்டுபவருக்கு 3 சதவீதம் ஊக்கச் சலுகை உண்டு. அவருக்கு விழும் வட்டி 4 சதவீதமே. சில நாள் தவறினாலும் இந்தச் சலுகை போய்விடும்.

அழைப்பவருக்கு உள்ள கட்டுப்பாடுகள்

கடன் கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. வங்கிகளும் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களும் அமர்த்தும் வசூல் முகவர்கள், பாக்கிக் கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவித்தது. மிரட்டுதல், பலர் முன் அவமானப்படுத்துதல், பெயர் சொல்லாமல் பயமுறுத்துதல், ஓயாமல் அழைத்துத் தொல்லை கொடுத்தல், குடும்பத்தார்க்கும் நண்பர்களுக்கும் இடைஞ்சல் செய்தல், செல்போனில் தகாத செய்திகள் அனுப்புதல் ஆகியவை அனைத்தும் தடை செய்யப்பட்டவை.

மகளிர் குழுக்கள் மூலம் பெறும் நுண்கடனுக்கு விதி இன்னும் கண்டிப்பானது. ஆண்டு வருமானம் ரூ.3,00,000 வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் தரப்படும் கடனே நுண்கடன். 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, இக்கடனுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்திலேயே வசூல் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ கடனாளி அங்கு வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். ஆகவே பணம் இல்லாத வாரத்திலும் குழுக் கூட்டத்திற்குச் சென்று நிலைமையைச் சொல்லி வருவதே பெண்களுக்குப் பாதுகாப்பு.

அபராதத்திற்கும் வரம்பு உண்டு. தவணை தவறியதற்கு விதிக்கும் அபராதக் கட்டணத்தை அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. தொகையைப் பிரித்து எழுத்தில் கேட்க வேண்டும் என்று மேலே கூறியது இதற்காகவே.

இந்த விதிகள் மீறப்படும்போது விளைவு எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 2022 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் ஹசாரிபாக் மாவட்டத்தில், கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியின் டிராக்டரை வசூல் ஆட்கள் எடுத்துச் சென்றபோது, அவருடைய மகளான கர்ப்பிணிப் பெண் அந்த டிராக்டரில் சிக்கி உயிரிழந்தார். அதன் பின் அந்த நிதி நிறுவனம் வெளியாட்களைக் கொண்டு வசூல் செய்வதற்கு ரிசர்வ் வங்கி தடை விதித்தது. 2023 ஜனவரியில்தான் அத்தடை நீங்கியது. வண்டியை எடுக்க வரும்போது அதன் முன் நிற்பதோ, கைகலப்பில் இறங்குவதோ கூடாது. உயிரை விட டிராக்டர் பெரிதன்று.

எதை எடுக்கலாம், எதை எடுக்க முடியாது?

"நிலத்தை ஏலம் விடுவோம்", "போலீசில் பிடித்துக் கொடுப்போம்" என்ற மிரட்டல்களே விவசாயிகளை அதிகம் கலங்கச் செய்கின்றன. உண்மை நிலை இதுதான்.

கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் அன்று. அது உரிமையியல் வழக்கு. அதற்காகப் போலீசார் கைது செய்ய முடியாது. ஆனால் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் அது தனிக் குற்றம். அதற்கு நோட்டீஸ் வந்தால், பெற்ற நாளிலிருந்து 15 நாட்களுக்குள் தொகையைச் செலுத்தி விட வேண்டும். ஆகவே தொகை எழுதாத காசோலையிலும் வெற்றுப் பத்திரத்திலும் கையெழுத்திட்டுக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

நீதிமன்றத்தின் வழியாகப் போகாமலே வங்கிகள் சொத்தைக் கைப்பற்ற வழி செய்யும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம், விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. நிலத்தின் மேல் நடவடிக்கை எடுக்க முறையான சட்ட வழியில்தான் செல்ல வேண்டும். அவ்வாறு வழக்கு நடந்து தீர்ப்பாகி விட்டாலும், விவசாயியின் உழவுக் கருவிகள், அவர் பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் கால்நடைகள், விதை தானியம், உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. இது உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு அளிக்கும் பாதுகாப்பு. ஆனால் நீதிமன்ற அழைப்பாணை வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. ஆஜராகாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு ஆகி விடும்.

ஈடு காட்டி வாங்கிய டிராக்டரும் அடகு வைத்த நகையும் வேறு. ஒப்பந்தத்தில் இடம் இருந்தால் டிராக்டரைத் திரும்ப எடுக்கலாம். எனினும் முன்னறிவிப்பு, விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பு ஆகியவை பற்றி ஒப்பந்தத்தில் கூறியபடி நடக்க வேண்டும். கடன் வாங்கும்போதே ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

நகைக்கடன் அழைப்புகளை ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாது. நகைக்கடன் பற்றி 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, ஏலத்துக்கு முன் போதிய அறிவிப்பு தர வேண்டும். ஏலத்தின் குறைந்தபட்ச விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு ஏலம் போகாவிட்டால் 85 சதவீதம். கடன் போக மிஞ்சும் தொகை விவசாயியைச் சேரும். முழுத் தொகையையும் கட்ட முடியாவிட்டாலும் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்க இயலுமா என்று, ஏல நாளுக்கு முன்பே கிளையில் கேட்க வேண்டும்.

வங்கியில் கேட்க வேண்டிய வசதிகள்

போனில் பேசுபவருக்குத் தவணை மாற்றும் அதிகாரம் இராது. அந்த அதிகாரம் கிளை மேலாளரிடமும் சங்கச் செயலாளரிடமும் உள்ளது. ஆகவே நேரில் சென்று, மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையுடன் கையொப்பம் பெற்று வர வேண்டும். கேட்க வேண்டியவை:

1. தவணை மாற்றம்: வெள்ளம், வறட்சி, புயல் போன்ற இயற்கைச் சீற்றத்தால் 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் நட்டமானால், பாதிக்கப்பட்ட பகுதி என அரசு அறிவிக்கும் இடங்களில் குறுகிய காலப் பயிர்க்கடனை நீண்ட காலத் தவணையாக மாற்றித் தர ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் இடம் தருகின்றன. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல், சேத மதிப்பீடு, வயலின் புகைப்படம் ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும்.

2. பயிர்ப் பருவக் காலம்: குறுகிய காலப் பயிரானால் தவணை நாளுக்குப் பின் இரண்டு பயிர்ப் பருவம் கடந்தும், ஓராண்டுக்கு மேற்பட்ட நீண்ட காலப் பயிரானால் ஒரு பருவம் கடந்தும் பாக்கி நின்றால்தான் பயிர்க்கடன் வாராக்கடன் ஆகிறது. இந்தக் காலத்திற்குள் பேசி முடிப்பதே புத்திசாலித்தனம்.

3. ஒரே தவணைத் தீர்வு: பழைய வாராக்கடனுக்கு வங்கிகள் தொகை குறைத்து முடித்துக் கொள்வது உண்டு. சலுகைக் கடிதத்தை எழுத்தில் பெறாமல் பணம் கட்டக் கூடாது. கட்டி முடித்ததும் கடன் நிலுவை இல்லாச் சான்று வாங்க வேண்டும். சலுகையில் தீர்த்த விவரம் கடன் தகவல் அறிக்கையில் பதிவாகும். அடுத்த கடன் கிடைப்பது கடினமாகலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

4. மக்கள் நீதிமன்றம்: வங்கிக் கடன் பாக்கிகளை மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகத் தீர்க்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கு ஏற்படும் தீர்வு இறுதியானது, மேல்முறையீடு கிடையாது. எனவே கட்ட முடிந்த தவணைக்கு மட்டுமே சம்மதம் தர வேண்டும். வட்டச் சட்டப் பணிகள் குழுவில் ஆலோசனை பெறலாம். இலவசச் சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.

தள்ளுபடி வரும் என்று காத்திருப்பதும் நல்லதன்று. தமிழ்நாட்டில் 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடி செய்யப்பட்டன. அவை அரசு குறித்த நாளில் நிலுவையில் இருந்த கடன்களுக்கே பொருந்தின. 2016-இல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டுமே கிடைத்தது. தனியார் நிதி நிறுவனக் கடனுக்கோ கைமாற்றுக்கோ அந்த அறிவிப்புகள் பொருந்தவில்லை. பயிர்க் காப்பீட்டைக் காலத்தில் செய்து வைப்பதே உறுதியான பாதுகாப்பு.

கந்து வட்டியும் கடன் செயலியும்

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மீறுபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ.30,000 வரை அபராதமும் உண்டு. கடன் வசூலுக்காக வன்முறைச் செயல்களில் ஈடுபடும் கடன் நிறுவனங்களைத் தண்டிக்கத் தமிழ்நாடு அரசு 2025-இல் தனிச் சட்டமும் கொண்டு வந்தது. உள்ளூர் வட்டிக்காரருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் மறுத்தால், சாட்சி வைத்துக் கொடுப்பதோ வங்கிக் கணக்கு வழியாகக் கொடுப்பதோ நல்லது.

செல்போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும் செயலிகள் ஒரு புது ஆபத்து. இளைஞர்கள் இவற்றில் எளிதாகச் சிக்குகிறார்கள். முறையான கடன் செயலி, போனில் உள்ள உறவினர் எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவற்றைப் பார்க்க அனுமதி கேட்கும் செயலியை உடனே நீக்கி விட வேண்டும். படத்தை மாற்றி உறவினருக்கு அனுப்புவோம் என்று மிரட்டினால், பணம் அனுப்பாமல் 1930 எண்ணுக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஒரு முறை பணம் அனுப்பினால் மிரட்டல் நிற்பதில்லை, கூடுகிறது.

புகார் எங்கே செய்வது?

வங்கி, நிதி நிறுவனம் ஆகியவற்றின் மீது புகார் இருந்தால், முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் தர வேண்டும். புகார் தீரும் வரை அந்தக் கணக்கை வங்கி வசூல் முகவரிடம் ஒப்படைக்கக் கூடாது. அடிக்கடி பொய்ப் புகார் தருபவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை. கடிதத்தில் அனுப்ப முகவரி: ரிசர்வ் வங்கி, மையப் புகார்ப் பெறுதல் மற்றும் பரிசீலனை மையம், 4-வது மாடி, செக்டர் 17, சண்டிகர் – 160017. விவரம் அறிய 14448 என்ற எண்ணில் கேட்கலாம்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் பற்றிய குறைகளைக் கூட்டுறவுத் துறையின் சரகத் துணைப்பதிவாளரிடமும், மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் சொல்லலாம். அடிதடி, மிரட்டல், வீட்டுக்குள் நுழைதல் என்றால் தாமதமின்றிக் காவல் நிலையம் செல்ல வேண்டும். அவசரத்திற்கு 112.

மனத்தைத் தளர விடக் கூடாது

கடனை மனைவிக்குத் தெரியாமலும், பிள்ளைகளுக்குத் தெரியாமலும் மறைப்பவரே அதிகம் உடைந்து போகிறார். அழைப்பு வரும்போது கொல்லைப்புறம் போய்ப் பேசுவதும், இரவில் தூங்காமல் இருப்பதும், சாப்பாடு குறைவதும், யாரோடும் பேசாமல் இருப்பதும் வீட்டார் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். அத்தகைய வீட்டில் பூச்சி மருந்தைப் பூட்டி வைத்து, சாவியை வேறொருவர் வைத்துக் கொள்ள வேண்டும். 14416 என்ற இலவச மனநல ஆலோசனை எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அக்கம்பக்கத்து விவசாயிகளும் "அவர் கடன், நமக்கென்ன" என்று இருக்கலாகாது. கிளைக்கு மனுக் கொடுக்கச் செல்லும்போது உடன் ஒருவர் சென்றாலே பாதிப் பாரம் குறையும்.

கடன் என்பது ஒரு பட்டத்தின் கணக்கு. இந்தப் பட்டத்தில் குறைந்தது அடுத்த பட்டத்தில் நேராகலாம். ஆனால் நிலத்தையும் உழவனையும் இழந்த குடும்பத்திற்கு அடுத்த பட்டம் இல்லை. ஆகவே தவணை தவறிய விவசாயிகள் ஒளியாமல், பொய்த் தேதி சொல்லாமல், ஒரு கடனை அடைக்க அதைவிட வட்டி கூடிய மறு கடன் வாங்காமல், இந்த வாரமே கடன் பட்டியலை எழுதி, அறுவடைக்கு முன்பாகவே வங்கிக்கும் சங்கத்துக்கும் சென்று மனுக் கொடுப்பது நலம் பயக்கும்.